ஷெட்டை ரேணுகாவிடம் கொடுத்தது பற்றி

மரக்காணம்,
ஆடி முதல் வெள்ளி.

அன்புள்ள மகன் தமிழ்வேந்தனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் வினோதினியும் பாப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஷிப்ட் முடிந்து வந்ததும் போனை ஓரமாக வைத்துவிட்டுத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் இந்த வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்போம். என் முழங்கால் பரவாயில்லை, ஆபரேஷன் செய்த இடத்தில் தையல் ஆறிவிட்டது, பிசியோதெரபி பெண் தினமும் வந்து காலை மடக்கி நீட்டுகிறாள், அவள் மடக்கும்போது நான் போடுகிற சத்தத்தில் உன் அப்பா டீவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறார், அவ்வளவுதான் அவர் செய்கிற உதவி. பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, வீடியோவில் வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம் பிடிப்பது அதனால்தான், நீ கோபித்துக்கொள்ளாதே. வினோதினி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து, மாமியார் என்னையும் பார்த்து, உங்கள் பாப்பாவையும் பார்க்கிறாள், முகம் கோணியது இல்லை. கூனிமேட்டுக் கருவாட்டு பாயின் மருமகன் இந்த வாரம் மஸ்கட் திரும்புகிறார், அவரிடம்தான் இந்தக் கடிதத்தையும் நெத்திலிக் கருவாடும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்துவிடுகிறேன். "கவலப்படாதீங்கம்மா, இன்ஷா அல்லா மாசம் முடியறதுக்குள்ள தம்பி கையில சேத்துடுவாரு" என்று பாய் சொல்லியிருக்கிறார். மாதம் முடிவதற்குள் என்று நான் ஏன் அவரை அவசரப்படுத்தினேன் என்று உனக்குத் தெரியும்.

நீ ராஜினாமாக் கடிதம் டைப் பண்ணி வைத்திருப்பதை வினோதினி சொல்லிவிட்டாள். அவளைக் கோபிக்காதே, நான்தான் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். மாதக் கடைசியில் அதைக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்து உப்பு மூட்டை போடுகிற நம் ஷெட்டையும் உப்பளத்தையும் எடுத்து நடத்தப்போகிறாய், அம்மாவுக்கும் கால் சரியில்லை, இனி நான்தானே பார்க்க வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் அதைச் சொல்லவில்லை, என்னிடம் ஒரு நீள வாய்ஸ் மெசேஜ் மட்டும் அனுப்பினாய். அந்த மீன் கம்பெனியில் இத்தனை வருஷம் ஒரு நாள் லேட் ஆனதில்லை, ஒரு பெட்டி மீன் கணக்கில் குறைந்ததில்லை, ஆனாலும் செக்‌ஷன் ஹெட் வேலையை உனக்குப் பின்னால் வந்த ஆல்பர்ட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள், கேட்டால் நீ நல்ல மேனேஜர், ஆனால் லீடர் இல்லை என்கிறார்கள், அப்படி என்றால் என்ன அர்த்தம், அம்மா, நீயும்தான் இத்தனை வருஷம் ஆள் வைத்து வேலை வாங்குகிறாய், நீயே சொல்லு என்று கேட்டிருந்தாய். ட்ரெயினிங்கில் காட்டிய படத்தையும் அனுப்பியிருந்தாய். போனில் பதில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், நான் சத்தம் போடுவேன், அப்புறம் ரெண்டு பேரும் வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

முதலில் அந்தப் படம். ஒரு பக்கம் லீடர், மலை உச்சியில் கையில் கொடியோடு நிற்கிறான். இன்னொரு பக்கம் மேனேஜர், மேஜையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், முகத்தில் களையே இல்லை. பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. மலை மேலே நிற்கிறவனுக்குச் சாப்பாடு யார் அனுப்புவது, கொடிக்குத் துணி யார் வாங்குவது, கீழே நிற்கிற ஆட்களுக்குச் சனிக்கிழமை கூலி யார் போடுவது, எல்லாம் அந்தக் கடிகாரக்காரன்தான். படம் போட்டவன் ஒரு நாளும் ஒரு லாரி லோடு ஏற்றி அனுப்பியிருக்க மாட்டான். ஆகவே மேனேஜர் என்று சொல்லிவிட்டார்களே என்று நீ குன்றிப்போவதில் அர்த்தமே இல்லை. நானே அதுதான். உப்பு வியாபாரத்தில் நான் கால் ஊன்றியது எப்படி என்று ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள், தைரியம் என்பார்கள், வாய் என்பார்கள். அதெல்லாம் இல்லை. சொன்ன நேரத்துக்குச் சரக்கு போகும், சொன்ன நாளில் கூலி வரும், மூட்டையில் எடை குறையாது. இந்த மூன்றைத் தவறாமல் செய்தேன், அவ்வளவுதான். அதற்குப் பெயர் நிர்வாகம். என்னை நம்பி ஆட்கள் வந்தார்கள் என்று நானும் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் நம்பியது சனிக்கிழமையை. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, சனிக்கிழமை தவறுகிற முதலாளிகள் இந்தக் கரையில் நிறைய உண்டு. ஆனால் அது வேறு, தலைமை வேறு என்று எனக்கு இந்த வைகாசியில்தான் விளங்கியது, அதுவும் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தபோது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை. நம் குத்தகைப் பாத்திகளில் உப்பு நன்றாக விளைந்து, வாரி வரிசை வரிசையாகப் பாத்திக்குள்ளேயே சேர்த்து வைத்திருந்தது, பெண்கள் கூடையில் அள்ளிக் கரை மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி. அன்றைக்குக் கோடை மழை வரும் என்று யாரும் நினைக்கவில்லை. விடிந்ததும் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது என்று சூப்பர்வைசர் மணிவண்ணன் எனக்குப் போன் போட்டான். நான் என்ன சொல்வேன், இருக்கிற ஆட்களை எல்லாம் இறக்கி மழைக்குள் அள்ளிவிடு, தார்ப்பாயை எடுத்து வை என்றேன். அவனும் கச்சிதமாகச் செய்தான், ஆட்களைப் பிரித்தான், ட்ராக்டரை நிறுத்தினான், தார்ப்பாயைக் கொண்டுவந்தான். பாதி அள்ளுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மறுபடி போன் போட்டு, "அம்மா, தண்ணி நிக்க ஆரம்பிச்சிடுச்சி, இன்னா பண்றது" என்றான். எனக்கு அந்த உப்புதான் கண்ணில் நின்றது. நிறுத்தாதே, அள்ளு என்றேன். அவன் அதை அப்படியே போய்ச் சொன்னான்.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று ஞாபகப்படுத்த வேண்டும், நீ ஊரை விட்டுப்போய் நாளாகிறது. தை மாதம் சீசன் தொடங்கும்போது பாத்தித் தரையை எப்படி மிதித்து இறுக்குவார்கள் என்று பார்த்திருக்கிறாய் அல்லவா, ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு வரிசையாக, ஒரு அடி இடம் விடாமல், தரை சிமெண்டு மாதிரி ஆகும் வரைக்கும். அந்தத் தரை இருந்தால்தான் வெள்ளை உப்பு. மழையில் அது ஊறி இளகி நிற்கும்போது ஆள் நடந்தால் குழி குழியாக உடைந்துவிடும், அப்புறம் சீசன் முழுக்கச் சேறு கலந்த உப்புதான். அது மட்டும் இல்லை, மழைத் தண்ணீர் மேலே மிதக்கும், உப்புத் தண்ணீர் கனமாக அடியில் கிடக்கும், கலக்காமல் விட்டால் மேல் தண்ணீரை மட்டும் மடையைத் திறந்து வடித்துவிடலாம். காலைப் போட்டுக் கலக்கினால் ரெண்டும் போச்சு. இது யாருக்கோ மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், மணிவண்ணனுக்கும் தெரியும், நிதானமாக யோசித்தால் எனக்கும் தெரியும். தெரிந்துதான் அத்தனை பேரும் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஏனென்றால் முதலாளியம்மா சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் ரேணுகா வரப்பின் மேல் ஏறினாளாம். ரேணுகாவை உனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் உனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவள், இப்போது பெண்கள் செட்டில் கூடை தூக்குகிறாள். தலையில் இருந்த சும்மாட்டை எடுத்து உதறிவிட்டு, "ஏய், எல்லாரும் மேல ஏறுங்கடி, போதும்" என்றாளாம். மணிவண்ணன் ஓடிப்போய், "ஏம்மா, அம்மா அள்ளச் சொல்லியிருக்காங்க, நீ பாட்டுக்கு ஏறச் சொல்ற" என்றதற்கு, "அண்ணே, அம்மா கேட்டா ரேணுகா சொன்னான்னு சொல்லு, இல்ல, போன எங்கிட்ட குடு நானே சொல்றேன்" என்றாள். போனையும் வாங்கிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நீ யாருடி என் உப்பைக் கரைய விடறதுக்கு என்று கத்தினேன், பக்கத்துக் கட்டில் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவள் சத்தம் போடவில்லை. "உப்பு கரையட்டும்மா, பாத்தி நிக்கட்டும். ரெண்டும் போச்சுன்னா அடுத்த மாசம் எங்கள எதுக்குக் கூப்பிடுவீங்க? நீங்க வந்ததும் என்னை வேலைய விட்டு நிறுத்தறதுன்னா நிறுத்துங்க, நா வர்றேன் பேசிக்கலாம். அண்ணன வெய்யாதீங்க, அவரு நீங்க சொன்னதத்தான் சொன்னாரு" என்றாள். வைத்துவிட்டாள். அத்தனை பேரும் மேலே ஏறி மழையில் நனைந்துகொண்டு, கண் முன்னால் உப்பு கரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தரும் எனக்குப் பயந்து திரும்ப இறங்கவில்லை.

அந்த உப்பு முழுதும் போனது. கருவாட்டுக்கு உப்பு வாங்குகிற கூனிமேட்டு பாய்க்குச் சொல்லியிருந்த லோடை வேறு ஆளிடம் வாங்கித்தான் கொடுத்தேன், நஷ்டம்தான், அதை நான் மறைக்கவில்லை. ரேணுகாவை நிறுத்திவிட வேண்டும் என்றுதான் அன்று சாயங்காலம் வரை இருந்தேன். வரப்பில் நின்றவர்களுக்கு நான் கூலி கொடுக்கிறேன், அவள் ஒன்றும் கொடுப்பதில்லை, ஆனால் அவள் சொன்னதும் ஏறினார்கள் என்பது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. இதைவிடப் பெரியது அதற்கப்புறம் நடந்தது. கோடை மழை பெய்து ஓய்ந்தால் இந்தக் கரையில் என்ன ஆகும், பாத்தி காய்ந்து மறுபடி மிதித்துத் தயாராகும் வரை ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், அந்த நேரம் பார்த்து நூறு நாள் வேலையும் தொடங்கிவிட்டது, அதில் நிழலில் உட்கார இடம் உண்டு. அக்கம்பக்கத்துப் பாத்திக்காரர்கள் ஆள் கிடைக்காமல் தவித்தார்கள், கூலியைக் கூட்டிப் பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை. நம் பாத்திக்கு மட்டும் தண்ணீரை வடித்த கையோடு எல்லோரும் வந்து நின்றார்கள். ரேணுகா கூப்பிட்டாள், வந்தார்கள். சரஸ்வதி என்று ஒருத்தி, அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், அவளிடம் யாரோ, "நூறு நாள் வேலைய உட்டுட்டு வந்திருக்கியே, ரேணுகா உனக்கு இன்னாடி குடுத்தா" என்று கேட்டதற்கு, "அவ எனக்கு ஒன்னும் குடுக்கல, அன்னிக்கு எங்களுக்கோசரம் வேலையவே பணயம் வெச்சா, அதுக்குக் கூட வரலன்னா நா இன்னா பொம்பள" என்றாளாம். தரை உடையாமல் இருந்ததால் மேலாக மிதித்ததே போதுமாக இருந்தது. கரையில் முதலில் உப்பு விளைந்தது நம் பாத்தியில்தான்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். எனக்குப் புத்தகத்து விளக்கம் தெரியாது, கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். நாளைக்கு நடக்க வேண்டியதை நாளைக்கு நடக்க வைப்பது மேனேஜ்மெண்ட். ஆள், வண்டி, சரக்கு, நேரம் நாலும் ஒரு இடத்தில் வந்து சேர வேண்டும், அதைச் சேர்க்கத் தெரிந்தவன் மேனேஜர். அவனுக்குப் பின்னால் ஒரு உத்தரவு இருக்கும், அவன் பேச்சு எடுபடுவது அந்த உத்தரவின் பலத்தில். லீடர் என்கிறார்களே, அது உத்தரவு தப்பாக இருக்கிறபோதோ, உத்தரவே இல்லாதபோதோ வெளியே வருவது. எல்லோருக்கும் மனதில் தெரிந்தும் ஒருத்தரும் வாய் திறக்காத நேரத்தில் ஒரு ஆள் வாயைத் திறந்து சொல்லி, விளைந்தால் எல்லோருக்கும், கெட்டால் என் தலைக்கு என்று நிற்க வேண்டும். மற்றவர்கள் அந்த வார்த்தையை நம்பிக் காலை எடுத்து வைக்க வேண்டும். ரெண்டும் சேர்ந்தால்தான் அது. நின்று சொல்லியும் ஒருத்தரும் வராவிட்டால் அது வெறும் சண்டை. கூட்டம் பின்னால் வந்தும் தான் தலையைக் கொடுக்காவிட்டால் அது வெறும் பேச்சு. நம் உப்பளத்து ஆள் கொளஞ்சியைத்தான் உனக்குத் தெரியுமே, அவன் பேச ஆரம்பித்தால் லாரி டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்பான். போன வருஷம் அவன் பேச்சைக் கேட்டு ஒரு பெண்கள் செட்டே உப்பளத்தை விட்டு இறால் கம்பெனிக்குப் போனது. அங்கே சம்பளம் இழுத்தடித்ததும் முதலில் திரும்பி வந்து என்னிடம் வேலை கேட்டவன் கொளஞ்சி, மற்றவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அவன் பின்னால் கூட்டம் போனதா, போனது. அவன் தலைவனா, அந்தப் பெண்களைக் கேட்டால் விளக்குமாற்றை எடுப்பார்கள்.

அதே நேரத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நானும் அந்தப் படம் போட்டவன் மாதிரி ஆகிவிடுவேன். தலைமை தினம் தேவைப்படுகிற சாமான் இல்லை. வருஷத்தில் நாலைந்து நாள் தேவைப்படும், அன்றைக்கு இல்லாவிட்டால் எல்லாம் போகும். மேனேஜ்மெண்ட் தினம் வேண்டும், ஒரு நாள் இல்லாவிட்டாலும் அன்றைக்கே நாறும். நான் எழுந்து நடமாடத் தொடங்கும் வரைக்கும் ஷெட்டையும் பாத்தியையும் பார்த்துக்கொள்ள ஆனி மாதம் முதல் ரேணுகாவை வைத்தேன், மணிவண்ணனையும் கூப்பிட்டுச் சொன்னேன், அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் சரி என்றான். உன் அப்பாதான் குதித்தார். "மகன் இருக்கும்போது கூடை தூக்கற பொண்ணு கையிலயா சாவியக் குடுக்கற, ஊரு சிரிக்காது?" என்றார். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், அன்னிக்கு மழையில ஊரா வந்து என் பாத்திய காப்பாத்திச்சி என்று கேட்டேன். அப்புறம் கொஞ்ச நாள் என்னோடு பேசாமல் டீவியோடு பேசிக்கொண்டிருந்தார், இப்போது சரியாகிவிட்டார். ஆனால் ரேணுகா வந்தபின் எல்லாம் தேன் ஒழுகுகிறது என்று நினைத்துவிடாதே. ஒரு பெண்ணின் வீட்டில் மஞ்சள் நீராட்டு என்று பாதி ஆட்களை மத்தியானமே அனுப்பிவிட்டாள், அன்றைக்கு ஏற்ற ஆள் இல்லாமல் லாரி ராத்தங்கல். சரக்குக்குப் பில் போடாமல் ஒரு வண்டியை அனுப்பி அது வழியில் மடக்கப்பட்டு, மணிவண்ணன் ஓடிப்போய் எடுத்துவந்தான். ஒரு நாள் மூன்று வண்டி ஒன்றாக வந்து நிற்கும், மறுநாள் வாசலில் நாய்தான் படுத்திருக்கும். கேட்டால், "எனக்கு இந்த போன்ல பில்லு போடறது தலைக்கு ஏறமாட்டேங்குதும்மா, அண்ணன் இருக்காரு இல்ல" என்று சிரிக்கிறாள். அந்த அண்ணன் ஆவணியோடு விலகுகிறான். என்மேல் கோபம் இல்லை, பிரம்மதேசத்தில் அவன் மாமனாருடைய உரக்கடையைப் பார்க்க ஆள் இல்லை, நல்லபடியாகச் சொல்லிவிட்டுத்தான் போகிறான்.

இனி உன் விஷயம், உனக்குப் பிடிக்காது, இருந்தாலும் படி. ஐஸ் மெஷின் நின்றுபோன அன்றைக்கு நடந்ததை நீ எனக்கு ரெண்டு முறை சொல்லியிருக்கிறாய். மேலதிகாரி இல்லை, மீன் கெடுகிறது, நீ விதிப்படி மெயில் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாய், ஆல்பர்ட் யாரையும் கேட்காமல் பூட்டியிருந்த இன்னொரு குளிர்பதன அறையைத் திறந்து மீனை மாற்றச் சொல்லி, அப்புறம் தானே மேலதிகாரிக்குப் போன் போட்டு நான்தான் திறந்தேன் என்று சொன்னான். விதியை மீறினவனுக்குப் பதவி, விதிப்படி நடந்தவனுக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டாய். நீ செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அறையில் ஏதாவது கோளாறு இருந்து மொத்தமும் கெட்டிருந்தால் ஆல்பர்ட் அடுத்த விமானத்தில் ஊருக்கு வந்திருப்பான். அது அவனுக்கும் தெரியும், தெரிந்துதான் திறந்தான். உனக்கும் திறக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும், இல்லாவிட்டால் இத்தனை மாதம் கழித்து அதையே சொல்லிக்கொண்டிருக்க மாட்டாய். அந்தப் பயத்தை அவன் வாங்கிக்கொண்டான், நீ மெயிலில் மேலே அனுப்பிவிட்டாய். அவர்கள் கொடுத்தது அதற்குத்தான், அவன் சிரித்துப் பேசுகிறான் என்பதற்காக இல்லை. இதற்கு நீ அவமானப்பட வேண்டியதில்லை, ஆனால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு திரியவும் வேண்டாம்.

அதோடு, அங்கே கிடைக்காத நாற்காலி இங்கே அம்மாவிடம் இருக்கிறது என்று நினைத்து நீ கிளம்பி வந்தால் அது நடக்காது. ஷெட்டை ரேணுகாவிடம் தற்காலிகமாகத்தான் கொடுத்தேன், ஆனால் இப்போது யோசித்து முடிவு பண்ணிவிட்டேன், என் கால் குணமானாலும் அவள்தான். சொத்து உன்னுடையது, அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள், எழுதியும் வைத்துவிட்டேன். ஆனால் பாத்தியில் நின்று ஆட்களை ஏறு, இறங்கு என்று சொல்வது என் வயிற்றில் பிறந்ததால் வருகிற உரிமை இல்லை. நீ முதலாளி மகன் என்று வந்து வரப்பில் நின்றால் எல்லோரும் வணக்கம் சொல்வார்கள், குனிந்து அள்ளுவார்கள், மழை வந்தாலும் அள்ளிக்கொண்டே இருப்பார்கள். அப்படித்தான் எனக்கும் அள்ளினார்கள்.

ஆனால் மணிவண்ணன் நாற்காலி ஆவணியில் காலியாகிறது, அதற்கு உன்னைவிடப் பொருத்தமான ஆள் இந்தக் கரையில் எனக்குத் தெரியவில்லை. பெற்றவள் என்று சொல்லவில்லை, வியாபாரியாகச் சொல்கிறேன். வண்டி, பில், ஆள் வரவு, சரக்கு எல்லாம் நீ ஒரு மாதத்தில் ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடுவாய், அந்தக் கை உனக்கு உண்டு, அது இல்லாமல் ரேணுகாவும் கொஞ்ச நாளில் திணறிப் போவாள். ஆகவே வருவதானால் அந்த நாற்காலிக்கு வா. சம்பளம் மணிவண்ணனுக்குக் கொடுத்ததுதான். அவளை நீ ஆட்கள் முன்னால் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும், வாசலில் உன் அப்பா என்ன பேசினாலும் சரி. இது உன்னால் ஆகாது என்றால் அதையும் தப்பாக நினைக்க மாட்டேன், அந்த ராஜினாமாவைப் போனிலிருந்து அழித்துவிட்டு ஆல்பர்ட்டின் கீழே ஒழுங்காக வேலை பார். தன்னைத் தாண்டி மேலே போனவர் சொல்வதைக் கேட்டு வேலை செய்வது அங்கேயும் அதுதான், இங்கேயும் அதுதான், இங்கே வந்தால் வீட்டுச் சாப்பாடு, பாப்பாவைத் தினம் பார்க்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம். வினோதினி உன்னை வரச் சொல்லி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் உன் பெயரை எடுத்தால் அவள் அடுப்படிக்குப் போய்விடுகிறாள், அதையும் சேர்த்து யோசி.

இதை எழுதுவதற்கு முன்னால் ரேணுகாவை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன், என் மகன் வந்தால் உன்கூட வைத்துக்கொள்வாயா என்று. டம்ளரில் இருந்த டீயை முழுதும் குடித்தாள். அப்புறம், "வேந்தன் கணக்குல கில்லாடிதான், வரட்டும்மா. ஆனா ஒன்னு. மழ வர்ற அன்னிக்கு அவரு உங்களுக்குப் போன் போடக் கூடாது, எங்கிட்டதான் கேக்கணும். நீங்களும் எடுக்கக் கூடாது" என்றாள். நான் கொஞ்சம் யோசித்தேன். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீ போட மாட்டாய் என்று அவளிடம் நான் சொல்லவில்லை, அதை நீதான் சொல்ல வேண்டும், என்னிடம் இல்லை, அவளிடம். அவள் நம்பர் வினோதினியிடம் இருக்கிறது.

வெயிலில் வெறும் தலையோடு நடக்காதே, ஊறுகாயை அறையில் இருக்கிறவர்களுக்கும் கொடு, கருவாட்டை டப்பாவில் இறுக்கி மூடி வை, இல்லாவிட்டால் உன்னை ரூமை விட்டு அனுப்பிவிடுவார்கள். பாப்பா உனக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள், வாயை மூடிக்கொண்டு. அங்காளம்மன் துணையிருந்து உனக்கு நல்ல புத்தியும் நல்ல உடம்பும் கொடுக்கட்டும், எங்கிருந்தாலும் நன்றாக இரு கண்ணு. மாதக் கடைசிக்கு முன்னால் ரேணுகாவுக்குப் பேசு, மறக்காதே.

உன் முடிவு எதுவானாலும் உன் பக்கம் இருக்கும் அம்மா,
கு. தையல்நாயகி